கடிதங்களைப் பிரிக்கும் வயது

அன்புள்ள செல்வம்,

இது நீளமான கடிதம். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த களைப்பில், கதவருகே நின்றபடியே படித்து மடித்து வைத்துவிடாதே. உனக்கு விடுமுறை கிடைக்கும் நாள்வரை வைத்திருந்து, உட்கார்ந்து படி. நான் இதை மூன்று நாளாக எழுதுகிறேன். தீபாவளிக்குத் தீபாவளி நீ அனுப்பும் வாழ்த்து அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே உன் கையெழுத்து மட்டும் இருக்கும். ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன் நீ. ஏன் இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பத்து வருடம் சும்மா இருந்ததைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நம் கடித வட்டத்தை மறுபடியும் தொடங்கப் பார்க்கிறார்கள். அன்னம்மா டீச்சர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு அதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. பழைய நோட்டுப் புத்தகத்தை அவர் இவர்களிடம் கொடுத்திருக்கிறார். அதன் கடைசிப் பக்கத்தில் டீச்சர் கையெழுத்தில் ஒரு விதி இருக்கிறது. 'உறுப்பினர்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பு, இருபத்தொரு வயது நிரம்பாத யாருக்கும் தரப்படாது.' காரணம் எழுதவில்லை. தேவி என்று ஒரு பெண் இருக்கிறாள், தொழிற்சாலையில் என் கீழே வேலை பார்க்கும் மாணிக்கத்தின் மகள். பதினாறு வயது. கெட்டிக்காரி. பொறுப்பாளராக இருக்க அவளுக்குத்தான் ஆசை, மற்றவர்களுக்கும் சம்மதம். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மாமா, இந்த ரூல்ஸ யாரு போட்டது? இருபத்தொண்ணு ஆவி ஓட்டுப் போடற வயசு வந்தாத்தான் லெட்டர் படிக்கலாமா? டீச்சரக் கேட்டா ஒங்களக் கேக்கச் சொல்றாங்க."

"கொஞ்சம் டைம் குடும்மா" என்றேன். உன்னைக் கேட்காமல் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

கடித வட்டம் எப்படித் தொடங்கியது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன் அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. நீ பள்ளிக்குப் போய்விடுவாய், நான் தொழிற்சாலைக்குப் போய்விடுவேன், சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடுவோம். மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வீட்டு விளக்குகூடத் தெரியாது. பேசுவதற்கு எனக்கு ஆள் இல்லை. லைன் வீடுகளில் ஆட்கள் இல்லாமல் இல்லை; ஆனால் பெண்டாட்டி செத்தவனிடம் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். அதனால் எனக்குத் தெரிந்த மூன்று நான்கு பேருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒருவர், கிள்ளான் பக்கம் ஒருவர். அவர்கள் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டார்கள். ஒரே கடிதத்தை நாற்பது முறை எழுத முடியாது என்று ஆனபோது, தோட்டத்து ஆபீசைப் பார்த்துக்கொண்ட பெரிய கிராணி அனுமதி கொடுக்க, அங்கிருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றுக்கடிதம் அடிக்கத் தொடங்கினோம். நான், பிரிஞ்சாங்கிலிருந்து அன்னம்மா டீச்சர், காய்கறி லோரி ஓட்டும் முத்தையா, மூன்று பேர்தான் செயற்குழு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நாற்பது பேர், மாதம் ஒரு முறை அந்த நாலு தாளுக்குக் காத்திருந்தார்கள்.

பக்கத்து ஊரான ரிங்லெட்டில் நம் தபால்பெட்டிக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்து, எதை எல்லோருக்கும் அச்சடிக்கலாம், எதை வேண்டாம் என்று பார்ப்பதுதான் பொறுப்பாளர் வேலை. சில உறைகளின்மேல் 'பொறுப்பாளருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அவற்றை அச்சடிக்கக் கூடாது. தனியாகப் பதில் போட வேண்டும். கடன், குடும்பச் சண்டை, பிள்ளை சொல் கேட்கவில்லை, மாமியார் கொடுமை. நான் எல்லோருக்கும் 'பொறுமையாக இருங்கள், காலம் மாறும்' என்றே எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் எனக்கு வேண்டியிருந்தன, செல்வம். என்னைவிடத் தனியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அவை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீ பள்ளியில் மூன்றாம் பாரம் படித்தபோது பொறுப்பை உனக்குக் கொடுக்கலாம் என்றேன். கண் மங்குகிறது, சின்ன எழுத்துப் படிக்க முடியவில்லை என்று குழுவில் காரணம் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருந்தது. உன் எழுத்தைப் பார்த்து எனக்கு வந்த பெருமைதான் காரணம். எனக்கு எழுத வராத பதில்கள் உனக்கு வரும் என்று நினைத்தேன். அன்று டீச்சர் வீட்டு அடுப்படியில் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முத்தையா தலையாட்டிவிட்டான். டீச்சர் மட்டும் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வேணாம் அண்ணே. பதினஞ்சு வயசுதானே ஆவுது. ஸ்டென்சில் வெட்டட்டும், கவர் ஒட்டட்டும், கதை கட்டுரைகூட எழுதட்டும். லெட்டர் பிரிக்கிற வேலை மட்டும் வேணாம்."

"ஏன் டீச்சர், எம்புள்ளைக்கு அறிவு இல்லையா?"

"அறிவு நெறைய இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒரு இருபத்தொண்ணு ஆவட்டும்லா."

"நம்ம வட்டம் ஒங்க கிளாஸ் மாரி இல்ல டீச்சர், இங்க வயசு பாத்துப் பெஞ்சுல ஒக்கார வெக்கிறதில்ல" என்று சொன்னேன். சபையில் அவரைக் குத்திப் பேசிவிட்டேன். அவர் ஆற்றிய காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்துபோனார். தபால்பெட்டிச் சாவியை நான் உன் கையில் கொடுத்தபோது உன் முகம் இருந்ததே, அதைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பேராக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கமலம் எழுதத் தொடங்கியது அதற்கு நான்கைந்து மாதம் கழித்து. முதலில் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்குவம் எழுதியிருந்தாள். அதை நீ அச்சடித்தாய். அதற்கு இரண்டு பேர் பாராட்டி எழுதினார்கள். தன்னை யாரோ பாராட்டிவிட்டார்கள் என்றதும் அந்தப் பெண் மனதைத் திறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அடுத்த உறையில் 'பொறுப்பாளருக்கு மட்டும்' என்று இருந்தது. புருஷன் குடிக்கிறான், அடிக்கிறான், மூன்று வயதுக் குழந்தை முன்னாலேயே அடிக்கிறான், நான் என்ன செய்யட்டும் ஐயா என்று கேட்டிருந்தாள். 'ஐயா' என்றுதான் எழுதினாள். பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நீ அவளுக்குப் பதில் எழுதினாய். அவள் திரும்ப எழுதினாள். ஐந்தாறு கடிதங்கள் போய்வந்தன; அவள் எழுதியவற்றை நான் பிறகுதான் பார்த்தேன். நீ சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நான்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை நீ காப்பாற்றினாய். என்னிடமிருந்துகூடக் காப்பாற்றினாய்.

ஒரு சனிக்கிழமை பகல். நீ தபால் எடுக்க ரிங்லெட்டுக்குப் போயிருந்தாய். நடந்ததை முத்தையாதான் எனக்குச் சொன்னான். அவன் லோரியை எதிரே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடும் கையில் ஒரு பையோடும் இறங்கி, தபாலாபீசில் போய், கடித வட்டத்துப் பொறுப்பாளர் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்தவர் உன்னைக் கை காட்டியிருக்கிறார். நீ அரைக்கால் சட்டையோடு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாய்.

"தம்பி, அப்பா வரலியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எந்த அப்பாக்கா?"

"பொறுப்பாளர் ஐயா. நாந்தான் கமலம். அவுருதான் கெளம்பி வரச் சொல்லி எழுதுனாரு."

"நான்தான்க்கா பொறுப்பாளர்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாளாம். நீ அவள் பக்கத்தில், கையில் கடிதக் கட்டோடு நின்றுகொண்டே இருந்தாயாம். முத்தையா வந்துதான் மூன்று பேரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். குளிருக்குப் பழக்கமில்லாத குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. உன் பள்ளிக்கூடக் கம்பளிச் சட்டையை அதற்குப் போர்த்தியிருந்தாய்.

முத்தையா முன்னால், அந்தப் பெண் முன்னால், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லைன் ஆட்கள் முன்னால், நான் உன்னைக் கேட்டேன்: "யாரக் கேட்டுடா இப்படி எழுதுன? ஒனக்கு என்ன தெரியும்னு ஒரு குடும்பத்தக் கலைக்கப் பாத்த?" நீ என்னைப் பார்த்தாய். "நானாத்தாம்ப்பா எழுதுனேன்" என்றாய். கன்னத்தில் அறைந்தேன். உன்னை நான் அடித்தது அந்த ஒரு முறைதான். கமலம்தான் குறுக்கே வந்தாள். "அடிக்காதீங்கண்ணே. அடிக்குப் பயந்துதானே நான் ஓடி வந்திருக்கேன்" என்றாள்.

இப்போது எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அந்தக் கடைசிக் கடிதத்தை நான் படித்திருந்தேன், செல்வம். தபாலில் சேர்ப்பதற்காக நீ என்னிடம் கொடுத்தபோது உறை ஒட்டாமல் இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாய். தொழிற்சாலையில் தேத்தண்ணி நேரத்தில் எடுத்துப் படித்தேன். 'அக்கா, அடி வாங்கிக்கொண்டு இருப்பதற்குப் பெயர் பொறுமை இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணிச்சலாக புறப்படுங்கள். உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்' என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? 'துணிச்சலாக' என்பதற்குப் பிறகு ஒற்று விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து இடுக்கில் ஒரு 'ப்' போட்டேன். துணிச்சலாகப் புறப்படுங்கள். இப்போது சரியாக இருக்கிறது என்று உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். அன்றைக்கெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மகன் எப்படி எழுதியிருக்கிறான் பார் என்று அந்த மூன்று வரியையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதை ஒரு நல்ல கட்டுரை மாதிரி படித்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒருத்தி பெட்டியைக் கட்டுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குப் பதினைந்து வயது, உனக்குத் தோன்றாமல் இருக்கலாம். எனக்கு நாற்பத்தைந்து.

அன்று வாசலில் நீ என்னைப் பார்த்தபோது, உனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நொடி பயந்தேன். உனக்குத் தெரியவில்லை என்று புரிந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் உன்னை அறைந்தேன்.

மற்றது உனக்குத் தெரியும்; இருந்தாலும் எழுதுகிறேன். டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமலத்தையும் குழந்தையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் முன்னறையைக் கொடுத்தார். மூன்றாம் நாள், டீச்சர் பள்ளியில் இருந்த நேரம், கமலம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம், நம் கடித உறையில் இருந்த ஊர்ப் பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு புருஷனும் அவன் அண்ணனும் ஒரு காரில் வந்தார்கள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போலீசுக்குப் போகலாம், நான் வருகிறேன் என்று டீச்சர் ஓடிவந்து சொல்வதற்குள் கமலம் பஸ் ஏறிவிட்டாள். பிள்ளை எங்கே போனதோ அங்கே அவளும் போனாள். அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. நீ சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். அடுத்த கூட்டத்தில் டீச்சர் அந்த விதியை எழுதினார். நான் தலைகுனிந்து ஒப்புக்கொண்டேன். ஏன் என்று நோட்டில் எழுத வேண்டாம், பையன் பெயர் கெடும் என்று கேட்டுக்கொண்டேன். உன் பெயரையா காப்பாற்றினேன்?

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் நீ ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். ஒரு நாள் முத்தையாவின் லோரியில் அந்த வழியாகப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தாப்பா பஸ் வந்து நிற்க, இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "எறங்கிப் போய்க் கூட்டியாங்கண்ணே, பாவம்லா புள்ள" என்றான் முத்தையா. "வருவான், வண்டிய எடு" என்றேன். உன் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பதினைந்து வயதுப் பிள்ளையை மழையில் தனியாக விட்டுவிட்டு வந்தேன். பதினெட்டு முடிந்ததும் நீ ஜொகூருக்குக் கிளம்பிவிட்டாய். உன்னை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால், மேசையில் உன் பேனாக்கள் அப்படியே கிடந்தன. ஒன்றையும் எடுத்துப் போகவில்லை.

போன மாதம் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். கமலம் உயிரோடு இருக்கிறாள், செல்வம். இத்தனை வருடம் கழித்து டீச்சருக்கு எழுதியிருக்கிறாள். திரும்பிப் போய் ஒன்றரை வருடம் அங்கேயே இருந்துவிட்டு, அண்ணன் வீட்டில் இடம் பேசி வைத்துக்கொண்டு, பிறகுதான் வெளியேறியிருக்கிறாள். இந்த முறை பிள்ளையை யாரும் பிடுங்க முடியவில்லை. தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாளாம். பெண் பள்ளிக்கூடம் போகிறதாம். உன்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தாள். டீச்சர் படிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். 'அந்தத் தம்பி எழுதியது தப்பில்லை. எங்கே போவது என்று மட்டும் எழுதவில்லை. பாவம், அதற்குத் தெரிந்திருக்காது.' இதை உனக்குச் சொல்லாமல் நான் சாகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனாலும் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

நேற்று தேவி மறுபடியும் வந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, யார் வீட்டில் நடந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'ப்' போட்டது நான் என்று சொன்னேன். வாயைத் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. கதை கட்டுரை எழுது, ஸ்டென்சில் வெட்டு, கூட்டத்தில் ஓட்டுப் போடு, எல்லாம் உன் உரிமை. உறையைப் பிரிக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்யட்டும் என்றேன். உன் அறிவு போதாது என்று சொல்லவில்லை, அந்தக் கடிதத்தை எழுதியவள் வாசலில் வந்து நின்றால் நீ எந்த வீட்டைத் திறந்துவிடுவாய் என்று கேட்டேன்.  அவளுக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தை நான் வாங்கிக்கொண்டேன்; உனக்கு அன்றைக்கு இந்தப் பொறுப்பு இல்லை என்று சொல்லியிருந்தால் உனக்கும் இதே கோபம் வந்திருக்கும், நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய். நாலே நாள்.

எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அடுத்த மாதத்தோடு வேலை நின்றுவிடும். வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். ரிங்லெட் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஒருவன் படுக்க, சமைக்க அது போதும். உன்னை வந்து கூட்டிப்போகச் சொல்லி எழுதவில்லை. மன்னித்துவிடு என்றுகூட எழுதக் கை வரவில்லை. அது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. நீ செய்தது பிள்ளைத்தனம், நான் செய்தது கோழைத்தனம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி உன் தலையில் வைத்துவிட்டேன். என் பங்கை எடுத்துக்கொள்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, படித்தாய் என்று தெரிந்தால் போதும்.

ஒன்று மட்டும் பாக்கி. கிளம்பும்போது தேவி வாசல்படியில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"மாமா, அந்த அண்ணனுக்கு இப்ப என்னா வயசு?"

"இருபத்தஞ்சு."

"அப்ப வயசு வந்துருச்சுல்ல? பெரியவங்க ரெண்டு பேரு வேணும்னீங்களே. லெட்டர் படிக்க அவரையே கூப்பிடலாமே."

 அது நீ சொல்ல வேண்டிய பதில்.

உன் அப்பா